வங்கி வெட்டிய காசைத் திரும்பக் கேட்பது: அறிகுறியைப் பார்த்து வழி பிடியுங்கள்

இலங்கையில், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடி பிரதான வீதியில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தைக் கொப்பி எடுக்கத்தான் வருகிறார்கள். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசு, உர மானியம், பிள்ளையின் புலமைப்பரிசில் எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கம் வேண்டும். கொப்பியைக் கையில் கொடுக்கும்போதே, "மனே, இதையும் ஒருக்கா பாருங்க, காசு வெட்டியிருக்கானுகள்" என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். அப்படிப் பார்த்து, கடிதம் எழுதிக் கொடுத்து, சிலதில் காசு திரும்பி, சிலதில் திரும்பாமல் போய்ப் படித்ததை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடந்ததோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் வாசித்துவிட்டுப் போங்கள்.

## எந்த வெட்டானாலும் முதலில் இது

கவுண்டரில் போய் "ஏன் வெட்டினீங்க?" என்று கேட்காதீர்கள். "அது சிஸ்டத்தில தானாகப் போறது" என்ற பதில் அங்கே ஆயத்தமாக இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: "உங்கள் கட்டணப் பட்டியலில் எந்த வரியின்படி வெட்டினீர்கள்? அந்த வரியைக் காட்டுங்கள்." வரி இருந்தால் காட்டுவார்கள், நாமும் விளங்கிக்கொண்டு வரலாம். இல்லாவிட்டால் கதை அந்த இடத்திலேயே மாறிவிடும். நான் எழுதிய கடிதங்களில் காசு திரும்பியவை எல்லாம் இந்தக் கேள்வியை வைத்து எழுதியவைதான்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: வெட்டு விழுந்த மாதத்தோடு அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குமான கணக்குக் கூற்று, வங்கியின் தற்போதைய கட்டணப் பட்டியல், கணக்குத் திறந்தபோது நீங்கள் கையொப்பம் வைத்த படிவத்தின் கொப்பி. பட்டியல் கிளையின் சுவரிலோ வங்கியின் இணையத்தளத்திலோ இருக்கும். படிவத்தின் கொப்பி உங்களிடம் இல்லாவிட்டால் கிளையில் கேளுங்கள். கையொப்பம் உங்களுடையது, கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழில் கேளுங்கள், தமிழில் எழுதுங்கள். 2011இல் மத்திய வங்கி எல்லா உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் வாடிக்கையாளர் பட்டயம் ஒன்றை விதித்தது. 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. கட்டணங்களை வாடிக்கையாளருக்கு விளங்கும்படி முன்கூட்டியே தெரிவிப்பதும், முறைப்பாட்டை வாங்கி விசாரித்துப் பதில் சொல்வதும் வங்கியின் கடமை. அவர்கள் தயவு பண்ணுவதாக நினைத்துக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள்.

## அறிகுறி: மாதாமாதம் சின்னத் தொகை போகிறது

பெரும்பாலும் காரணம் எளியது. எஸ்எம்எஸ் அறிவித்தல் கட்டணமா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே தொகை, ஏறக்குறைய ஒரே திகதி என்றால் அதுவாகத்தான் இருக்கும். சேவை வேண்டாம் என்றால் எழுத்தில் நிறுத்தச் சொல்லலாம். நீங்கள் கேட்காமலே போட்டிருந்தால், "நான் கேட்டுக் கையொப்பம் வைத்த படிவத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

அது இல்லையென்றால் குறைந்தபட்ச மீதி. கணக்கில் இருக்க வேண்டிய தொகைக்குக் கீழே இறங்கினால் சில கணக்கு வகைகளில் வெட்டுவார்கள். இதில் நம் ஆக்கள் மாட்டுவது, வேலை மாறிய பிறகு. சம்பளக் கணக்காக இருந்தவரைக்கும் சலுகை இருந்திருக்கும். சம்பளம் வருவது நின்றதும் கணக்கு சாதாரண வகைக்கு மாறி வெட்டு தொடங்கும். கூற்றில் கணக்கின் வகைப் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், அந்த மாற்றத்தை எப்போது, எப்படி உங்களுக்கு அறிவித்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மூன்றாவது, மாதாமாதம் இல்லாமல் வருடத்துக்கு ஒரு தடவை விழும் அட்டைக் கட்டணம். இதில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தா. பாஸ் புத்தகத்தைப் பால்மாப் பைக்கற்றுக்குள் வைத்து, அதை முந்தானையில் முடிந்திருந்தா. வருடத்தில் ஒரு தடவை வெட்டு விழ வேண்டிய இடத்தில் இரண்டு தடவை விழுந்திருந்தது, இரண்டும் ஒரே தொகை. திகதிகள் மட்டும் நாலு மாத இடைவெளியில். நான் முதலில் வேறு ஏதோ சேவை என்றுதான் நினைத்தேன். கூற்று எடுத்துப் பார்த்தபோது இரண்டு வரியிலும் அட்டையின் கடைசி நாலு இலக்கம் இருந்தது, இரண்டும் வேறு வேறு. "அம்மா, உங்கட கார்ட் எப்பயாவது துலைஞ்சதா?" என்று கேட்டேன். சித்திரை வருசத்துக்குச் சந்தையில் துலைந்ததாம், புதியது எடுத்தாவாம். பழைய அட்டையைத் தடைசெய்தவர்கள் அதைக் கணக்கிலிருந்து நீக்காமல் விட்டிருந்தார்கள். வேலை செய்யாத அட்டைக்கு வருடக் கட்டணம் போய்க்கொண்டிருந்தது. துலைந்ததை அறிவித்த திகதியையும் இரண்டு வரிகளையும் குறித்து ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். மூன்று கிழமையில் காசு திரும்பியது. அதற்குப் பிறகு அட்டை மாற்றினேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் தேடுவது அந்தக் கடைசி நாலு இலக்கத்தைத்தான். நீங்களும் தேடுங்கள்.

## அறிகுறி: ஏ.டி.எம்.மில் காசு வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது

இது கட்டணம் அல்ல. ஆனால் கடைக்கு வரும் முறைப்பாடுகளில் இதுவும் நிறைய. துண்டு வந்திருந்தால் பத்திரப்படுத்துங்கள். வராவிட்டால் இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் இலக்கத்தையும் நேரத்தையும் போனில் படம் எடுங்கள். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள், பலவேளை தானாகவே திரும்பிவிடும். திரும்பாவிட்டால் முறைப்பாடு போக வேண்டியது உங்களுக்கு அட்டை தந்த வங்கிக்கு. கல்முனையில் வேறு வங்கியின் இயந்திரத்தில் எடுத்தேன் என்று அந்தக் கிளை வாசலில் போய் நின்றால், திருப்பித்தான் அனுப்புவார்கள்.

சின்னத் தொகை மட்டும் கழிந்திருந்தால் அது வேறு வங்கியின் இயந்திரத்தைப் பாவித்த கட்டணம். மீதி மட்டும் பார்த்தாலும் அது விழும். இதைத் திரும்பக் கேட்க முடியாது. மீதியை உங்கள் வங்கியின் இயந்திரத்திலோ போனிலோ பாருங்கள்.

## அறிகுறி: கட்டாரிலிருந்து அனுப்பியதைவிடக் குறைய வந்திருக்கிறது

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று எங்கே பார்த்தாலும் வளைகுடாக் காசில் ஓடும் வீடுகள் இருக்கின்றன. இந்த வெட்டில் மகனும் தாயும் ஒருவரையொருவர் சந்தேகப்படுவதைக் கண்டிருக்கிறேன். அதனால் ஆறுதலாகப் பார்க்க வேண்டிய அறிகுறி இது.

அனுப்பியவரிடம் துண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் ஒன்றைத்தான் முதலில் தேட வேண்டும்: இலங்கை ரூபாயில் இவ்வளவு கிடைக்கும் என்று அச்சிட்டிருக்கிறதா?

அச்சிட்டிருந்தால்: நாணய மாற்று அங்கேயே முடிந்துவிட்டது. அந்த ரூபாய்த் தொகை அப்படியே இங்கே வர வேண்டும். குறைந்திருந்தால் முதலில் அனுப்பிய இடத்தைக் கேளுங்கள், பிறகு இங்கே வாங்கிய வங்கியை. இரண்டு பக்கமும் எழுத்தில் பதில் வாங்கினால், இடையில் யார் கழித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

அச்சிடாமல் டொலரிலோ வேறு நாணயத்திலோ போயிருந்தால்: மூன்று இடத்தில் காசு குறையலாம். அனுப்பிய வங்கியின் கட்டணம் ஒன்று. நடுவில் நிற்கும் வெளிநாட்டு வங்கி கழிப்பது இரண்டாவது. மூன்றாவது, இங்கே வங்கி எந்த விகிதத்தில் மாற்றியது என்பது. கட்டணத்தை யார் ஏற்கிறார் என்று அனுப்பும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். இருவரும் பகிர்வது என்று குறித்திருந்தால் நடு வங்கி கழிப்பது உங்கள் தலையில்தான் விழும். அனுப்புபவரே ஏற்பது என்று குறித்திருந்தும் குறைந்திருந்தால், கேட்க நியாயம் இருக்கிறது.

விகிதத்தில் ஆக்கள் ஏமாறுவது வேறு விதம். செய்தியில் சொல்லும் டொலர் விலையை வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் விற்பனை விலையாகவோ நடுவிலையாகவோ இருக்கும். உங்களிடமிருந்து வங்கி வாங்குவது கொள்வனவு விலைக்கு, அது எப்போதும் குறைவு. காசு கணக்கில் விழுந்த திகதிக்கு அந்த வங்கியே அறிவித்த கொள்வனவு விலையோடு ஒப்பிடுங்கள். அதையும்விடக் குறைத்துப் போட்டிருந்தால் மட்டும் கடிதம் எழுதுங்கள். நான் பார்த்த பத்தில் ஏழெட்டு இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும், வெட்டே நடந்திருக்காது. தீர்ந்ததும் அனுப்பிய பிள்ளைக்கு ஒரு போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: நிலையான வைப்பின் வட்டி குறைய வந்திருக்கிறது

இது வங்கிக் கட்டணம் அல்ல, வரி. வட்டியிலிருந்து முற்கூட்டிய வருமான வரியாக 2023 ஜனவரியிலிருந்து 5 சதவீதம் கழித்தார்கள். 2025 ஏப்ரல் 1இலிருந்து அது 10 சதவீதம். 3,000 ரூபாய் வட்டிக்கு 300 ரூபாய் போகும். குறைந்த தொகை சரியாகப் பத்தில் ஒன்று என்றால் முகாமையாளரோடு சண்டை போட வேண்டாம், காசு இறைவரித் திணைக்களத்துக்குப் போயிருக்கிறது.

உங்கள் வருட வருமானம் 18 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால், வங்கியில் சுய பிரகடனப் படிவம் கொடுத்து இந்தக் கழிவை நிறுத்தலாம். ஓய்வூதியத்தில் வாழும் ஆசிரியர்களுக்கும், பிள்ளை அனுப்பிய காசை வைப்பில் போட்டிருக்கும் தாய்மாருக்கும் இது பெரிய உதவி. வரி வருடம் ஏப்ரலில் தொடங்குவதால் படிவத்தையும் புதிய வருடத்துக்குப் புதிதாகக் கொடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வங்கியில் வைப்பு இருந்தால் ஒவ்வொன்றிலும் கொடுக்க வேண்டும். ஏற்கனவே கழிந்ததை வங்கி திருப்பித் தராது. அதை இறைவரித் திணைக்களத்திடம்தான் கேட்க வேண்டும்.

## அறிகுறி: கடன் அட்டையில் தாமதக் கட்டணம், அதன் மேல் வட்டி

கட்டிய திகதியைப் பாருங்கள். நீங்கள் கட்டிய நாள் வேறு, அட்டைக் கணக்கில் பதிந்த நாள் வேறு. கடைசித் திகதி சனி ஞாயிறிலோ போயா தினத்திலோ விழுந்து, வேறு வங்கியிலிருந்து அனுப்பியிருந்தால் இடைவெளி வரலாம். கட்டியதற்கான துண்டு கடைசித் திகதிக்கு முந்தியது என்றால் தாமதக் கட்டணத்தைத் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். அதோடு விட்டுவிடாமல், அந்தத் தாமதத்தால் ஏறிய வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டணத்தைத் திருப்பிவிட்டு வட்டியை அப்படியே விட்டதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு மட்டும் அது திரும்பியது.

முழுத் தொகையும் கட்டாமல் ஐந்நூறு ரூபாய் விட்டீர்கள், வட்டி ஆயிரக்கணக்கில் வந்திருக்கிறது என்றால் அது பிழையாக இருக்காது. பெரும்பாலான அட்டைகளில், முழுதும் கட்டாவிட்டால் பொருள் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஓடும். இங்கே உரிமை பேசிப் பயனில்லை. "இதுவரை ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன், இது முதல் தடவை, தள்ளுபடி செய்யுங்கள்" என்று பண்பாகக் கேட்டால் முதல் தடவை விட்டுக்கொடுப்பதுண்டு.

அட்டையை மூடுகிறீர்கள் என்றால், மூடப்பட்டது, மீதி எதுவுமில்லை என்று கடிதம் வாங்குங்கள். வாங்காமல் வந்தால் மறந்துபோன ஒரு வருடக் கட்டணம் நிலுவையாக வளர்ந்து, கிரிப் என்று எல்லாரும் சொல்லும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் ஏறிவிடும். வீடு கட்டக் கடன் கேட்கப் போகும் அன்றைக்குத்தான் அது தெரியவரும்.

## அறிகுறி: செக் திரும்பி, கட்டணமும் விழுந்தது

சுருக்கமாகச் சொல்கிறேன். திரும்பிய செக்கோடு வரும் காரணத்தை வாசியுங்கள். உங்கள் கணக்கில் போட்ட வேறொருவரின் செக் தெளிவதற்கு முன் நீங்கள் செக் எழுதியிருந்தால் பிழை உங்கள் பக்கம். கையொப்பம் பொருந்தவில்லை என்றால் மாதிரிக் கையொப்பத்தைப் புதுப்பியுங்கள். காசு இருந்தும் திரும்பியிருந்தால் அன்றைய கூற்றை எடுத்துக்கொண்டு அன்றைக்கே முகாமையாளரைச் சந்தியுங்கள். வியாபாரியின் பெயர் கெடும் விசயம் என்பதால், வங்கியின் பிழை என்று செக் கொடுத்தவருக்கு ஒரு கடிதமும் தரச் சொல்லுங்கள்.

## அறிகுறி: கடனைத் தீர்க்கப் போனால் எதிர்பாராத தொகை சொல்கிறார்கள்

போகம் வெட்டி நெல் விற்ற காசோடு கடனை மூடப் போகிறவர்களுக்கு இது நடக்கும். வாயால் சொல்லும் தொகையை ஏற்காதீர்கள். தீர்வுத் தொகையை எழுத்தில், பிரித்துக் கேளுங்கள்: கடனின் முதல் (அசல்), இன்றுவரை வட்டி, அபராத வட்டி, முன்கூட்டித் தீர்ப்பதற்கான கட்டணம், வேறு எதுவும் இருந்தால் அதன் பெயர். பிறகு கடன் ஒப்பந்தத்தைத் திறந்து ஒவ்வொன்றையும் அதில் தேடுங்கள். அபராத வட்டியைத் தவணை தவறிய தொகைக்குப் போட்டார்களா, மொத்தக் கடனுக்கும் போட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். கடனோடு சேர்த்து எடுத்த காப்புறுதி மிச்ச வருடங்களுக்கும் இருந்தால், முன்கூட்டித் தீர்க்கும்போது திரும்பக் கிடைக்கும் தொகை உண்டா என்றும் கேளுங்கள்.

நகை அடகில் சிக்கல் பெரும்பாலும் விலாசத்தில். ஏலத்துக்கு முன் வரும் அறிவித்தல் பழைய வீட்டுக்குப் போய்விடும். வீடு மாறினால் அடகுச் சீட்டில் உள்ள விலாசத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

இங்கே நிறுத்திவிட்டுச் சட்டத்தரணியிடம் போக வேண்டிய இடம்: வாகனத்தைத் தூக்க வந்துவிட்டார்கள், காணியை ஏலம் விடப்போவதாக அறிவித்தல் வந்திருக்கிறது, நீதிமன்ற அழைப்பாணை வந்திருக்கிறது. இந்த மூன்றில் எது நடந்தாலும் கடிதம் எழுதி நாள் கடத்தாதீர்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஈடு வைத்த சொத்தை வழக்குப் போடாமலே ஏலம் விடும் அதிகாரம் சில கடன்களில் வங்கிகளுக்கு உண்டு. கட்ட வசதியில்லையென்றால் மட்டக்களப்பில் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே உதவி கிடைக்கும்.

## அறிகுறி: யாரோ எடுத்த காசு

நீங்கள் செய்யாத பரிமாற்றம் என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அட்டையின் பின்பக்க இலக்கத்துக்கு அந்த நிமிடமே அழைத்து அட்டையையும் இணையச் சேவையையும் தடைசெய்யச் சொல்லுங்கள். பேசியவரின் பெயர், நேரம், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் எழுதுங்கள். பிறகு கிளைக்கும் பொலிசுக்கும் போங்கள்.

## கவுண்டரில் தீரவில்லை என்றால்

முகாமையாளருக்குக் கடிதம். நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"எனது கணக்கு இலக்கம் ……. ……ஆம் திகதி …… ரூபாய் கழிக்கப்பட்டுள்ளது. கூற்றில் இதற்கான விபரம் '……' என்று மட்டும் உள்ளது. தங்கள் கட்டணப் பட்டியலில் எந்த விடயத்தின் கீழ் இது கழிக்கப்பட்டது என்பதையும், அதற்கு நான் சம்மதித்த ஆவணத்தின் பிரதியையும் எழுத்தில் தரவும். அவ்வாறான விடயம் இல்லையெனில், கழித்த தொகையை எனது கணக்கில் மீளச் சேர்க்கவும். கூற்றின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது."

கோபம் வேண்டாம், குடும்பக் கஷ்டம் வேண்டாம், ஒரு கடிதத்தில் ஒரு வெட்டு மட்டும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதியோடு சீல் வாங்குங்கள். சீல் வைக்க மறுத்தால் வாக்குவாதப்படாமல் நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடுங்கள். அந்தத் துண்டு சீலுக்குச் சமம். இந்த ஒரு துண்டு இல்லாமல் போனதால் நியாயமான முறைப்பாடுகள் செத்துப்போனதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதில் பிடிவாதமாக நிற்கிறேன்.

கிளை பதில் தராவிட்டாலோ பதில் சரியில்லாவிட்டாலோ, அதே கடிதத்தைச் சீல் பிரதியோடு தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

அதற்கும் மேலே இரண்டு கதவு. மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் 2020இல் தொடங்கியது. 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது இல. 30, ஜனாதிபதி மாவத்தை, கொழும்பு 01 என்ற விலாசத்துக்கு எழுதலாம். மற்றது நிதிக் குறைகேள் அதிகாரி, ஒம்புட்ஸ்மன் என்றும் சொல்வார்கள். 2003இலிருந்து இயங்கும் இந்த அலுவலகம் முறைப்பாட்டுக்குக் காசு வாங்குவதில்லை. இரண்டு இடத்திலும் முதற் கேள்வி, "வங்கியிடம் எழுத்தில் கேட்டீர்களா?" என்பதுதான். சீல் வைத்த பிரதியை அப்போது எடுத்துக் கொடுக்கலாம். நீதிமன்றத்தில் ஏற்கனவே இருக்கும் விடயத்தைக் குறைகேள் அதிகாரி எடுக்கமாட்டார்.

கடன் தந்தது வங்கியோ உரிமம் பெற்ற நிதிக் கம்பனியோ இல்லை, கூட்டுறவுச் சங்கம் என்றால் மத்திய வங்கிக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். அது மாகாணக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருவது. உரிமம் இருக்கிறதா என்ற பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் உண்டு. போனில் பார்க்கத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

காசு திரும்பி விழுந்த பிறகு இரண்டு வேலை மிச்சம் இருக்கும். திரும்பிய தொகை வெட்டிய தொகைக்குச் சமமா என்று கூட்டிப் பாருங்கள், எத்தனை மாதம் வெட்டினார்களோ அத்தனை மாதத்துக்கும். அடுத்த மாதம் அதே திகதி கழிந்ததும் பாஸ் புத்தகத்தை மறுபடி அடித்து வாங்குங்கள். கொக்கட்டிச்சோலை அம்மாவுக்கு முதல் வருடக் காசு திரும்பியதே தவிர, பழைய அட்டை நீக்கப்பட்டதா என்பதை அடுத்த வருடம் அந்தத் திகதியில்தான் உறுதிப்படுத்தினோம். அன்றைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது.